நான்கு புள்ளி மூன்று

குழந்தைகள் காப்பகத்தை மூடுவதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் சுபாஷினிக்கு அந்தச் சந்தேகம் முதலில் தட்டியது.

கடிதத்தில் நாலே வரி. 'அருவி செல்ஸ்' மின்கல ஆலையின் காப்பகத்தில் இரண்டு வருடமாக ஒரு குழந்தைகூட இல்லை, அதனால் அந்த அறையை அட்டைப்பெட்டிகள் அடுக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம், நலப் பிரிவு மேற்பார்வையாளருக்கு இதில் ஆட்சேபணை இல்லை. மனிதவள மேலாளர் துவாரகநாத் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான்மா. கொழந்தைங்க இருந்தாத்தானே காப்பகம்?"

பேனாவை வாங்கியவள் கையெழுத்துப் போடவில்லை. எழுநூற்று இருபது பெண்கள் வேலை செய்கிற இடம். முக்கால்வாசிப் பேர் இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில். கல்யாணமானவர்கள் நானூறுக்கு மேல். சேரும்போதே பிள்ளை பெற்றிருந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், சரி. அதற்குப் பிறகு?

"நாளைக்குப் போட்டுத் தர்றேன் சார்," என்றாள்.

அவர் சிரித்தார். ஆனால் பேனாவைத் திரும்ப வாங்கும்போது தன் முகத்தைச் சற்று அதிகமாகவே பார்த்ததாக அவளுக்குப் பட்டது.

நலப் பிரிவுக்குத் திரும்பியதும் பிரசவ விடுப்புப் பதிவுகளைத் திறந்தாள். ஆலை தொடங்கிய முதல் வருடம் நாற்பத்தொன்று. அடுத்த வருடம் பத்தொன்பது. பிறகு எட்டு, மூன்று, ஒன்று. இந்த வருடம் எதுவுமில்லை. பக்கத்திலேயே இன்னொரு பத்தி இருந்தது, இரண்டு மூன்று மாதத்தில் கரு கலைந்துபோனவர்களுக்கான விடுப்பு. அது முதல் மூன்று வருடம் ஏறி, பிறகு அதுவும் அடங்கியிருந்தது. அதில் ஒரு வரி சுபாஷினியுடையது. மூன்று வரி அவள் தோழி பெனிட்டாவுடையது.

எல்லாத் தாள்களும் அவள் கை வழியாகத்தான் போயிருந்தன. ஒவ்வொன்றாகப் போனதால் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு பெண்ணும் அதைத் தன் வீட்டுத் துக்கம் என்று நினைத்து அழுதாள். சுபாஷினியும் அப்படித்தான் அழுதாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது, அதே ஆலையின் கலவைப் பிரிவில் வேலை செய்யும் அவள் கணவன் லோகநாதனுக்கு நாற்பத்தைந்து. கல்யாணமாகி ஐந்து வருடம். 'லேட்டாப் பண்ணிக்கிட்டோம், அதான்' என்று தங்களுக்குத் தாங்களே சொல்லி வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் நெல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மின்கலத்துக்கான கலவையில் லித்தியம் சேரும். என்னதான் முகமூடி போட்டாலும் கொஞ்சம் தூசி உள்ளே போகத்தான் செய்யும். அது கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியை மந்தமாக்கும். அதனால் ஆலையில் சேரும் ஒவ்வொருவருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்துவிடுவார்கள். அது ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, சுரப்பி குறைந்தால் மருந்தைக் கசியவிடும், கூடினால் அடக்கும். விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிற தொல்லை இல்லை. செய்த நிறுவனம் ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தது. ஆலைப் பெண்கள் தோலுக்கு மேலே தடவிப் பார்த்துவிட்டு 'நெல்லு' என்றார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

நெல்லை வைப்பது சுபாஷினி. நர்ஸ் படிப்பு படித்தவள். ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு அவள் கைதான் வைத்திருந்தது. அவளுடைய கணினித் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பச்சைப் புள்ளி எரியும். பச்சை என்றால் நார்மல். பெயரைத் தட்டினால் எண் வரும். ஆறு வருடத்தில் அவள் எதையும் தட்டிப் பார்த்ததில்லை. பச்சையாக இருப்பதை எதற்குத் தட்ட வேண்டும்?

அன்று தட்டினாள். முதலில் தன் பெயரை. டி.எஸ்.எச். 4.3. பெனிட்டா, 4.3. பேக்கிங்கில் இருக்கும் அபிநயா, கல்யாணமாகி ஏழே மாதம், 4.2. இந்த எண் ஏற ஏறச் சுரப்பி மந்தமென்று அர்த்தம். நான்கரை வரைக்கும் பச்சை. எல்லோரும் கோட்டுக்குள்தான் இருந்தார்கள், ஆனால் கோட்டின் ஓரத்தில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தார்கள். சமையற்கூடத்துப் பங்கஜம்மாவைத் தட்டினாள், வயது ஐம்பத்து மூன்று. 1.8. கர்ப்பப்பை எடுத்துவிட்ட சரோஜாவுக்கு 1.9.

ஆண்களைத் தட்டினாள். கல்யாணமாகாதவர்களுக்கு இரண்டுக்குப் பக்கம். ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கும் இரண்டுக்குப் பக்கம். இதே ஆலையில் மனைவி வேலை பார்க்கும் ஆண்களுக்கு மட்டும் 4.3.

அவள் விரல் நின்றது. யார் யாருடைய புருஷன் என்று ஒரு நெல்லுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஆலை மருத்துவர் வசுந்தரா வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிகம் பேசாதவர். சுபாஷினி கதவைச் சாத்திவிட்டு எண்களைச் சொன்னாள். யார் யாருக்கு எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவரை நம்பவில்லை.

"நாலரை வரைக்கும் நார்மல்தான் சுபாஷினி."

"கொழந்தைக்கு முயற்சி பண்றவங்களுக்கும் அதே கணக்குதானா டாக்டர்?"

வசுந்தரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டரைக்குக் கீழ இருந்தா நல்லது. கரு தங்கறதுக்கும் சரி, தங்கினது நிக்கறதுக்கும் சரி."

"அப்ப ஏன் யாருக்குமே ரெண்டரைல இல்ல?"

"அந்த செட்டிங்க தொட எனக்கு அனுமதி இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சொல்லாதீங்க. இப்போதைக்கு."

மறுநாள் காலை சுபாஷினி திரையில் தன் பெயரைத் தட்டினாள். எண் வரவில்லை. 'பார்க்க அனுமதி இல்லை' என்று வந்தது. யாரைத் தட்டினாலும் அதே வரிதான். பச்சைப் புள்ளிகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

ஆக, டாக்டரும் உடந்தை என்று முடிவு கட்டினாள். துவாரகநாத் முந்தின நாள் பார்த்த பார்வைக்கும் இப்போது அர்த்தம் கிடைத்தது. பிள்ளை பெறாத பெண் விடுப்பு கேட்க மாட்டாள், அவசரமாக வீட்டுக்கு ஓட மாட்டாள். அதற்காக மேலே யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். காப்பகக் கடிதத்தை மேசை இழுப்பறையின் அடியில் தள்ளினாள்.

ஆனால் அவளை உண்மையில் அரித்தது வேறொன்று. லோகநாதனின் எண்ணையும் அதன் பழைய பதிவுகளையும் முந்தின நாள் அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு அது நாள் முழுக்கக் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அவருக்கு 4.3 என்றால் 4.3. காலையிலும் அதே, மாலையிலும் அதே. நான்கு மாதமாக ஒரு புள்ளி அசையவில்லை. உயிருள்ள உடம்பில் அப்படி இருக்காது. நெல்லிடமிருந்து தகவலே வராவிட்டால் திரை கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தபோது கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு பார்த்தாள். காறை எலும்புக்குக் கீழே, நெல் இருக்க வேண்டிய இடத்தில், ஆறிப்போன ஒரு சின்னக் கோடு.

"இது என்னங்க?"

"எது? ஓ, இதுவா. கன்வேயர்ல கம்பி கீறிடுச்சு." சட்டையை எடுத்து மாட்டினார். "காப்பி இருக்கா?"

காப்பி கொடுத்தாள். கன்வேயர் கம்பி அவ்வளவு நேர்க்கோடாகக் கீறாது. யாரோ ப்ளேடு வைத்துத் திறந்து எடுத்திருக்கிறார்கள். நெல்லின் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் தன்னுடையதை மட்டும் எடுத்துவிட்டு என்னுடையதை அப்படியே விட்டிருக்கிறார். எதற்கு? இந்தக் கேள்விக்கு அவளுக்குக் கிடைத்த பதில்கள் எல்லாமே அசிங்கமாக இருந்தன.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது பெனிட்டாவிடம் பட்டும் படாமலும் ஆரம்பித்தாள். பெனிட்டா எலத்தகிரிக்காரி, நாற்பத்தொரு வயது, பேக்கிங்கில் வேலை. ஆலை திறந்த வாரத்திலேயே சுபாஷினியோடு சேர்ந்தவள். அவள் கணவர் இதே ஆலையின் தொழிற்சங்கத்தில் முக்கியமான ஆள்.

"ரெண்டாவது நாலாவது சனிக்கெழமை சங்கக் கூட்டம்னு இவரு கெளம்பிடறாரு. உங்க வீட்லயும் அப்படித்தானா?"

"சங்கக் கூட்டமா? அது ஞாயித்துக்கெழமைதானே நடக்கும்?" என்றாள் பெனிட்டா. சுபாஷினியின் முகம் மாறியதைப் பார்த்து, "ஏன்டி, என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நான்தான் தப்பாக் கேட்டிருப்பேன்."

பெனிட்டா சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நாங்க இதோட நிறுத்திக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். இனிமே டாக்டரு, ஊசி, எதுவும் வேணாம். ஆண்டவரு என் ஒடம்ப இப்படிப் படைச்சுட்டாரு, யார்கிட்டப் போய்ச் சண்ட போடறது?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

சுபாஷினிக்கு வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். பெனிட்டாவின் கணவரும் சங்கத்தின் பேரில் மேலிடத்தோடு பேசிப் பழகுகிறவர்தானே என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது. எத்தனை வருடத்துத் தோழியைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே கூசியது. ஆனாலும் நினைத்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லோகநாதன் கிளம்பினார். அவர் ஏறிய பஸ்ஸிலேயே, கூட்டத்தோடு பின்வாசல் வழியாக அவளும் ஏறினாள். தருமபுரி வந்து, அவர் போன தெருவின் முனையில் நின்று பார்த்தாள். மாடிப்படி ஏறினார். பலகையில் 'டாக்டர் தமீம், நாளமில்லாச் சுரப்பி, கருத்தரிப்பு' என்று இருந்தது.

அவள் படியேறி உள்ளே போனபோது அவர் கையில் ஒரு பரிசோதனைத் தாள் இருந்தது. அவளைக் கண்டதும் அதை மடித்தார். பிறகு எதற்கு மடித்தோம் என்று யோசித்தவர் மாதிரி, மெதுவாக விரித்து அவளிடமே நீட்டினார்.

"எனக்குத்தான் டெஸ்ட்டு," என்றார். "நாலு மாசமா."

தாளில் இரண்டு வரி. முதல் சோதனையில் உயிரணு எண்ணிக்கை அடிமட்டத்தில். இப்போது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

டாக்டர் தமீம் ஐம்பதைத் தாண்டியவர். இருவரையும் உட்கார வைத்தார். "இவருதான் மொத மொத தன்னைச் சோதிச்சுப் பாருங்கன்னு தானா வந்த ஆம்பளை. பொதுவா பொண்டாட்டிய மட்டும்தான் அனுப்புவாங்க. தைராய்டு ஏதோ பொம்பளைங்க வியாதின்னு நெனப்பு. மந்தமாப் போச்சுன்னா ஆம்பளைக்கும் உயிரணு கொறையும், ஓட்டம் கொறையும், ஆசையே கொறையும். நாப்பதுக்கு மேல வயசும் கூடச் சேந்துக்கும். இவரோட எண்ணப் பாத்தேன், நெல்ல எடுத்துடச் சொன்னேன். மாத்திரை கொடுத்தேன். உயிரணு உருவாக ரெண்டரை மாசம் ஆகும், அதான் இப்பத் தெரியுது."

"எனக்கு, டாக்டர்?"

தமீம் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். "தைராய்ட ஆறு வாரத்துல சரி பண்ணிடலாம்மா. ஆனா கருமுட்டை புதுசா உருவாகறது இல்ல. பொறக்கறப்ப கொண்டு வந்ததுதான். முப்பத்தஞ்சுக்கு மேல வேகமாக் கொறையும், இருக்கறதோட தரமும் கொறையும். இன்னும் வாய்ப்பு இருக்கு. ஆனா போன வருஷங்கள என்னால திருப்பித் தர முடியாது."

சுபாஷினி கணவன் பக்கம் திரும்பினாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

லோகநாதன் தரையைப் பார்த்தார். "அந்த நெல்ல எனக்கு வெச்சதே நீதானே. திரையில பாக்கறவளும் நீதான். உனக்குத் தெரியாம நடக்குமான்னு ஒரு எண்ணம். கம்பெனி சொல்லி நீ மறைக்கறியோன்னு..."

"நாலு மாசமா அப்படியா நெனச்சீங்க?"

"நீ பஸ் ஏறி எம் பின்னால வந்தியே, நீ என்ன நெனச்சு வந்த?"

சுபாஷினி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

திரையில் பார்த்த எண்களை அவள் சொல்லக் கேட்டுவிட்டு, கிளம்பும்போது தமீம் ஒன்று சொன்னார். "இந்த மாதிரிக் கருவிக்கு யாரும் எண்ணு சொல்லித் தர மாட்டாங்கம்மா. 'கடைசியில என்ன நடந்தா நல்லது'ன்னு ஒரு இலக்கு மட்டும்தான் சொல்வாங்க. உங்க ஆபீஸ்ல இருக்கற வருகை, விடுப்பு, குடும்ப விவரம் எல்லாத்தையும் பாத்து, அந்த இலக்குக்கு எந்த எண்ணு தோதோ அத அதுவே கண்டுபிடிச்சுக்கும். யாரு வில்லன்னு தேடாதீங்க. இலக்கு என்னன்னு தேடுங்க."

திரும்பும் பஸ்ஸில், இறங்க வேண்டிய சூளகிரி வரும்வரை லோகநாதன் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். இறங்கும் முன் மட்டும், "உன்னப் போயி சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்க," என்றார்.

திங்கட்கிழமை காலை வசுந்தரா அவளைக் கூப்பிட்டார். அன்று கதவைச் சாத்தியது அவர்.

"என் திரையைப் பூட்டினது நீங்கதானே?" என்று சுபாஷினி நேராகவே கேட்டாள்.

"நெல்லு செஞ்ச கம்பெனிக்கு நான் அன்னிக்கே மெயில் அனுப்பினேன். எதுக்கு எல்லாருக்கும் ஓரத்துலயே நிக்குதுன்னு கேட்டு. அவங்க பயந்துட்டு எல்லாத்தையும் பூட்டினாங்க. என்னுதும் பூட்டிதான் கெடக்கு." மேசைமேல் இருந்த தாள்களைத் தொட்டார், கொடுக்கவில்லை. "பதில் வந்திருக்கு. தொடக்கத்துல யார் என்ன இலக்கு கொடுத்தாங்கன்னு பதிவு வெச்சிருக்காங்க. உங்ககிட்ட காட்டறதா வேணாமான்னு ரெண்டு மணி நேரமா யோசிச்சேன்."

"துவாரகநாத் சாரா?"

வசுந்தரா தாளைத் திருப்பி வைத்தார்.

ஏழு கேள்விகள். எத்தனை பணியாளர்கள், எத்தனை ஷிப்ட், இப்படி. நான்காவது கேள்வி: இந்தத் திட்டம் வெற்றி பெற்றது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அதன் கீழே பதில் இருந்தது.

'இங்கே வேலைக்கு வரும் பெண்கள் உடம்பு முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சேர்ந்தவர்கள் யாரும் வேலையை விட்டுப் போகாமல் நீடித்திருந்தால் அதுவே வெற்றி.'

கீழே பெயர்: ச. சுபாஷினி, நலப் பிரிவு.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆலை திறந்த மூன்றாவது மாதம். அப்போது டாக்டர் யாரும் வரவில்லை. துவாரகநாத் எட்டிப் பார்த்து, ஒரு ஃபாரம் வந்திருக்கு, நீயே போட்டு அனுப்பிடும்மா என்றார். தூசியில் கழுத்து வீங்கி, தலை சுற்றி, நடக்க முடியாமல் வேலையை விட்டு நின்றுபோன பெண்களை அந்த வாரம்தான் அவள் பார்த்திருந்தாள். அவர்களை நினைத்துக்கொண்டுதான் எழுதினாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நல்ல பதில் எழுதிவிட்டதாக ஒரு திருப்திகூட இருந்தது.

"இதுல கொழந்தையப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே டாக்டர்."

"தேவையில்ல. யாரு வேலைய விட்டு நிக்கறாங்கன்னு அது பாத்திருக்கு. மொத வருஷம் பிரசவத்துக்குப் போன நாப்பத்தொரு பேர்ல திரும்பி வந்தது மூணே பேரு. அப்படித் திரும்பி வராதவங்கள விட்டா வேற யாரும் பெருசா வேலைய விடல. எண்ணு தற்செயலாக் கொஞ்சம் ஏறியிருந்தவங்க பிரசவத்துக்கே போகல. அது அதக் கத்துக்கிச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இங்க இருந்தா ரெண்டு பக்கமும் ஏத்தி வெச்சா இன்னும் நல்லதுன்னும் கத்துக்கிச்சு. சிவப்பு எரிஞ்சா நாம பாப்போம். அதனால பச்சைக்குள்ளயே வெச்சிருக்கு."

சுபாஷினி தன் பெயரை மறுபடி படித்தாள். இத்தனை நாளாகத் தேடிய ஆள் அந்தத் தாளில் இருந்தாள்.

"கேளுங்க," என்றார் வசுந்தரா. "இலக்க மாத்தறதுக்கு எனக்கு அனுமதி கொடுத்துட்டாங்க. ஒரு நிமிஷ வேலை. ஆறு வாரத்துல எல்லாருக்கும் ரெண்டுக்கு வந்துடும். ஏதோ அப்டேட்னு சொல்லிக்கலாம். உங்க பேரு வெளிய வர வேண்டியதில்ல."

இவர் ஏன் எனக்கு நல்லது செய்கிறார் என்ற கேள்விதான் முதலில் வந்தது. பிறகு, செய்தால் என்ன என்று வந்தது. மாற்றிவிட்டால் போதாதா? தெரிந்து யாருக்கு என்ன ஆகப் போகிறது? இழந்ததைத் திரும்பக் கொடுக்கவா முடியும்? அவள் அங்கே உட்கார்ந்து இதை நிஜமாகவே யோசித்தாள். ஒப்புக்கொள்ளவும் இருந்தாள். பெனிட்டாவின் ஞாபகம் வந்தது. ஆண்டவர் என் உடம்பை இப்படிப் படைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தவள். அப்டேட் என்று சொல்லிவிட்டால் அவள் சாகும்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள்.

"இலக்க மாத்துங்க டாக்டர்," என்று எழுந்தாள். "நான் பேக்கிங் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

பெனிட்டாவைத் தனியே அழைத்து வந்து நலப் பிரிவில் உட்கார வைத்து, எதையும் விடாமல் சொன்னாள். எண்களைச் சொன்னாள். ஃபாரத்தைக் காட்டினாள். பெனிட்டா பதிலைப் படித்தாள், பெயரைப் படித்தாள், மறுபடி பதிலைப் படித்தாள்.

"மூணும் இதனாலயா?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. வயசும் இருக்கு. ஆனா இது இல்லாம இருந்திருந்தா நின்னிருக்க நெறைய வாய்ப்பு."

பெனிட்டா சட்டைக் காலரை இழுத்துக் காறை எலும்பைக் காட்டினாள். "எடு."

"டாக்டர் இலக்க மாத்திட்டாங்க. இனிமே அது ஒழுங்கா வேல செய்யும். எடுத்துட்டா தூசிக்கு வேற வழி பாக்கணும், தெனம் மாத்திரை, மாசா மாசம் ரத்தம்..."

"இத்தன நாளு நம்பி வெச்சிருந்தேனே, அப்ப என்ன கெடச்சுது? எடு."

எடுத்தாள். பஞ்சில் வைத்த நெல்லைப் பெனிட்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ப்ளாஸ்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"எத்தன பேருக்குச் சொல்லியிருக்க?"

"நீதான் மொதல்."

"அப்ப நான் போயி ஒவ்வொருத்தியாக் கூட்டிட்டு வர்றேன். எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லணும். ஒருத்திக்கும் கொறைச்சுச் சொல்லக் கூடாது. நான் இங்கயே நின்னு கேப்பேன்."

அப்படித்தான் நின்றாள். பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டாள். சுபாஷினியின் முகத்தைப் பார்க்கவில்லை. துவாரகநாத் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் வசுந்தரா வாசலிலேயே நிறுத்தி, இது மருத்துவ அறை, உள்ளே வர முடியாது என்று திருப்பி அனுப்பினார். ஒருத்தி கேட்டுவிட்டு எழுந்து போனாள். ஒருத்தி தாளைக் கிழித்தாள், வசுந்தரா வேறொரு நகல் எடுத்து வந்தார். ஒருத்தி, "அக்கா, எனக்கு விவாகரத்தே ஆயிடுச்சே," என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள்.

அபிநயா உட்கார்ந்ததும், "எனக்கு மூணு வருஷத்துக்கு கொழந்தை வேணாம்னு நாங்களே பேசி வெச்சிருக்கோம். இத இப்படியே விட்டுட முடியுமா?" என்று கேட்டாள். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன, இது இதயத்தையும் சேர்த்து மந்தமாக்கும் என்று சுபாஷினி சொன்னாள். அபிநயா காலரை விலக்கினாள். "வேணாம்னு நான் சொல்றது வேற, இது சொல்றது வேற இல்லக்கா?" என்றாள். நெல்லை எடுக்க வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஐந்தரை மணிக்கு வரிசையில் ஆண்களும் நின்றார்கள். பெனிட்டா பதிவேட்டைப் பார்த்து, மற்றப் பெயர்களைக் கூப்பிட்ட அதே குரலில், "லோகநாதன்," என்றாள்.

எடுக்க அவரிடம் நெல் இல்லை. இருந்தும் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் சொல்லு," என்றார்.

சொன்னாள். அந்த நாளில் அது அறுபத்து மூன்றாவது முறை. குரல் கட்டியிருந்தது. ஃபாரத்தை நீட்டினாள். அவர் படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"பஸ்ல மன்னிப்புக் கேட்டேன்ல?"

"ம்."

"அதத் திருப்பி வாங்கிக்கறேன்." தாளை மேசையில் வைத்தார். "நீ வேணும்னு பண்ணலன்னும் தெரியுது. ரெண்டையும் வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல."

அவள் தலையாட்டினாள். அவர் எழுந்தார். எழுந்தவர் அவள் கழுத்தைப் பார்த்து நின்றார்.

"உன்னுத யாரு எடுக்கறது?"

காலையிலிருந்து அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை. வசுந்தரா கையுறையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சுபாஷினி நாள் முழுக்க மற்றவர்கள் உட்கார்ந்திருந்த முக்காலியில் உட்கார்ந்து காலரை விலக்கினாள்.

"ஆரம்பிக்கலாமா?"

"சொல்லிட்டு எடுங்க டாக்டர்," என்றாள் வாசலில் நின்ற பெனிட்டா.

"அவங்களுக்குத் தெரியாததா?"

"எல்லாருக்கும் சொல்லித்தானே எடுத்தோம். அவளுக்கும் முழுசாச் சொல்லுங்க."

வசுந்தரா சொல்லத் தொடங்கினார். உங்க பேரு சுபாஷினி, வயசு முப்பத்தெட்டு. அஞ்சு வருஷமா உங்க டி.எஸ்.எச். நாலு புள்ளி மூணுல நிறுத்தி வெக்கப்பட்டிருக்கு. உங்க கணவருக்கும் நாலு மாசம் முன்ன வரைக்கும் அப்படித்தான். மூணு வருஷத்துக்கு முன்னால உங்களுக்கு ஒரு கரு பத்தாவது வாரத்துல கலைஞ்சிருக்கு...

அறுபத்து மூன்று முறை சொன்னவள் அப்போதுதான் அதைக் கேட்டாள். பாதிக்கு மேல் அவளால் முடியவில்லை, முகத்தை மூடிக்கொண்டாள். வசுந்தரா நிறுத்தினார்.

பெனிட்டா பதிவேட்டை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். லோகநாதன் போகாமல் சுவரோரம் நின்றிருந்தார்.

"மீதியச் சொல்லுங்க டாக்டர்," என்றாள் சுபாஷினி.